பாஸ்டன் முற்றுகையும் இரண்டு குன்றுகளும் (1775–76): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் போர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்க சுதந்திரப் போரின் முதல் கட்டம். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் பிரிட்டிஷ் படைக்கும் உள்ளூர்க் குடிப்படைக்கும் மோதல் வெடித்தது. அடிவாங்கிய பிரிட்டிஷார் பாஸ்டனுக்குத் திரும்பி வந்தார்கள். துரத்திக்கொண்டே வந்த ஆயிரக்கணக்கான குடிப்படையினர் நகரைத் தரைப்பக்கம் வளைத்துக்கொண்டார்கள். அந்த முற்றுகை 1776 மார்ச் 17 வரை நீடித்தது. நடுவில் நடந்த ஒரே பெரிய சண்டை 1775 ஜூன் 17-இல், நகருக்கு வடக்கே இருந்த ஒரு குன்றின் மேல். முற்றுகையை முடித்துவைத்தது நகருக்குத் தெற்கே இருந்த இன்னொரு குன்று. அங்கே பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை.

முதல் குன்றைப் பிடித்தவர்கள் அதை ஒரே நாளில் இழந்தார்கள். இரண்டாவது குன்றைப் பிடித்தவர்களுக்கு நகரமே கிடைத்தது. உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

பாஸ்டனின் நில அமைப்பு எப்படி இருந்தது?

இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பிற்காலத்தில் கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரத்தைப் பல மடங்கு பெரிதாக்கிவிட்டார்கள். 1775-இல் பாஸ்டன் கிட்டத்தட்ட ஒரு தீவு. தெற்கே ஒரு குறுகலான நிலப்பட்டைதான் அதைக் கரையோடு இணைத்தது.

வடக்கே, சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், சார்லஸ்டவுன் என்ற இன்னொரு தீபகற்பம். அதற்கும் ஒரு ஒடுங்கிய கழுத்துதான் வழி. அங்கே இரண்டு குன்றுகள்: கழுத்துப் பக்கம் சுமார் 110 அடி உயரமுள்ள பங்கர் குன்று, பாஸ்டன் பக்கம் அதைவிடத் தாழ்வான பிரீட் குன்று. தென்கிழக்கே டார்செஸ்டர் மேடுகள், 100 அடிக்குச் சற்று அதிகம். அங்கிருந்து பார்த்தால் நகரமும் தெரியும், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களும் தெரியும்.

100 அடி என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்தான். ஆனால் சுற்றிலும் தண்ணீரும் சேற்று நிலமுமாக இருக்கும் இடத்தில் அதுவே போதும்.

அந்தக் காலத்தில் மேட்டு நிலத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

பெரும்பாலும் பீரங்கியின் குணம்தான் காரணம். 18ஆம் நூற்றாண்டுப் பீரங்கிப் படையினர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சுட்டார்கள். மலைக்குப் பின்னால் இருக்கும் இலக்கைக் கணக்குப் போட்டு அடிப்பதெல்லாம் பிற்காலத்து வித்தை. மோர்ட்டார் என்ற குட்டைப் பீரங்கி மட்டும் குண்டை வானத்துக்கு வீசி உள்ளே விழவைக்கும். அதன் குறியும் குத்துமதிப்புதான். ஆக, உயரத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவும் இலக்கு.

எதிர்ப்பக்கம் இருப்பவனுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. பீரங்கி வண்டியின் அமைப்பு குழலை ஓரளவுக்கு மேல் நிமிர்த்த விடாது. கப்பலில் அது இன்னும் மோசம்: பக்கவாட்டுச் சாளரத்தின் மேல்விளிம்பு குழலைத் தடுக்கும்.

அடுத்தது காலாட்படை. மஸ்கட் துப்பாக்கியைக் குழல்வாய் வழியாக மருந்திட்டு, குண்டிட்டு, குத்தி இறுக்கிச் சுட வேண்டும். நன்கு பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். 100 கஜத்துக்கு மேல் குறி தவறும். அந்தக் கடைசி 100 கஜத்தைச் சமதரையில் ஓடிக் கடந்தால் எதிரிக்கு ஓரிரு முறைதான் சுட நேரம் கிடைக்கும். ஏற்றத்தில், முதுகில் சுமையோடு, வரிசை குலையாமல் நடந்தால் கூடுதல் வேட்டு வாங்க வேண்டும். மேலே போய்ச் சேரும்போது பயனெட்டை (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) நீட்டக் கையில் தெம்பு இருக்காது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். குன்றின் பின்சரிவு ஒரு மறைப்பு. அங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.

அப்படியானால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பீரங்கியின் இரும்புக் குண்டு வெடிக்காது. தாழ்வாகப் பறந்து, தரையில் பட்டு, எம்பி எம்பிப் போகும் வழியில் இருப்பவர்களையெல்லாம் சாய்ப்பதுதான் அதன் கொடூரம். செங்குத்தான உயரத்திலிருந்து சுட்டால் குண்டு விழுந்த இடத்திலேயே மண்ணில் புதைந்துபோகும். ஆளை அடிக்க வேண்டுமென்றால் நீண்ட, மென்மையான சரிவுதான் பீரங்கிக்காரனுக்குப் பிடித்தது.

செங்குத்துச் சரிவுக்கு அடியில் ஒரு குருட்டுப் பகுதியும் உண்டாகும். மேலே இருப்பவன் எட்டிப் பார்த்தால்தான் அது தெரியும்; எட்டிப் பார்த்தால் அவன் தலை தெரியும். கீழ்நோக்கிச் சுடுபவர்கள் தலைக்கு மேலே சுட்டு வீணாக்குவதும் வழக்கமான தவறு. தாழ்வாகக் குறிபார் என்று அதிகாரிகள் தொண்டை கிழியக் கத்தியதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு முக்கியமான குன்றுகளை பிரிட்டிஷார் ஏன் சும்மா விட்டார்கள்?

இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். ஏப்ரல் 19 இரவு, தப்பி வந்த பிரிட்டிஷ் படை சார்லஸ்டவுன் குன்றுகளில்தான் தங்கியது. அதாவது குன்று அவர்கள் கையில் இருந்தது. பிறகு தலைமைத் தளபதி தாமஸ் கேஜ் அவர்களை நகருக்குள் அழைத்துக்கொண்டார். ஊரையும் காத்து, வடக்குக் குன்றையும் தெற்கு மேட்டையும் பிடித்து வைக்கும் அளவுக்கு ஆள் இல்லை என்பது அவர் கணக்கு. என் பார்வையில் அது முழுக்கத் தப்பான கணக்கு அல்ல. ஆனால் எதிரிகள் அங்கே ஏற மாட்டார்கள் என்று எந்த அடிப்படையில் நம்பினார் என்பதுதான் புரியவில்லை.

மே 25-இல் வில்லியம் ஹோவ், ஹென்றி கிளின்டன், ஜான் பர்கோயின் என்ற மூன்று ஜெனரல்கள் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள். ஜூன் 18-இல் குன்றுகளைப் பிடிப்பதாகத் திட்டம் போடப்பட்டது. பாஸ்டன் சின்ன ஊர், ரகசியம் தங்கவில்லை. 16ஆம் தேதி இரவே குடியேற்றவாசிகள், அதாவது நகரை வளைத்திருந்த அமெரிக்கர்கள், முந்திக்கொண்டார்கள்.

சண்டை நடந்தது பங்கர் குன்றிலா, பிரீட் குன்றிலா?

பிரீட் குன்றில். பெயர் மட்டும் பங்கர் குன்றுக்குப் போய்விட்டது.

கர்னல் வில்லியம் பிரெஸ்காட் தலைமையில் ஏறத்தாழ 1,000 பேர் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்த உத்தரவு பங்கர் குன்றில் அரண் அமைக்கச் சொன்னது. இருட்டில் அங்கே நின்று அதிகாரிகள் விவாதித்துவிட்டு, முன்னால் போய்த் தாழ்வான பிரீட் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் கிடையாது. ஆனால் விளைவு தெளிவு. பங்கர் குன்று உயரம், தப்பிக்கும் வழிக்குப் பக்கம், ஆனால் பாஸ்டனிலிருந்து தூரம். பிரீட் குன்று நகரத்தையும் கப்பல்களையும் நேராக மிரட்டும் இடம். அங்கே அரண் கட்டினால் பிரிட்டிஷாரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

மிரட்டலுக்குப் பின்னால் பலம் வேண்டுமே! நகரத்தை மிரட்டும் இடத்தில் ஏறியவர்களிடம் நகரத்தை அடிக்கும் பெரிய பீரங்கி ஒன்றுகூட இல்லை. கையில் இருந்தவை சில சிறு பீரங்கிகள். அவற்றாலும் பெரிதாகப் பயன் இருக்கவில்லை. சண்டை முடிந்தபின் இதைச் சொல்வது சுலபம்தான். இருந்தாலும் இராணுவ ரீதியில் அது தவறான குன்று என்றே நினைக்கிறேன்.

ஒரே இரவில் எப்படி அரண் கட்டினார்கள்?

விவசாயிகள். மண்வெட்டி அவர்களுக்குப் புதிதல்ல. ரிச்சர்டு கிரிட்லி என்ற பொறியாளர் கோடு போட்டுக் கொடுத்தார். நள்ளிரவு வாக்கில் தோண்ட ஆரம்பித்து, விடியும்போது பக்கத்துக்கு 130 அடி கொண்ட சதுர மண்ணரண் ஆறடி உயரத்துக்கு எழும்பியிருந்தது. காலை நான்கு மணிக்கு லைவ்லி என்ற போர்க்கப்பல்தான் முதலில் பார்த்துச் சுட்டது.

வெளிச்சம் வந்ததும் பிரெஸ்காட்டுக்கு ஓர் உண்மை உறைத்தது. அரணின் இடப்பக்கம், மிஸ்டிக் ஆறு வரை, திறந்து கிடந்தது. சுற்றிக்கொண்டு வந்தால் அரண் அரணாக இருக்காது, பொறியாகிவிடும். முதலில் அரணிலிருந்து கீழே ஒரு மண் சுவரை நீட்டினார்கள். அதற்குப் பின்னால் தாமஸ் நோல்டனின் ஆட்கள் ஒரு மரவேலியைப் பிடித்து, அதன்மேல் இன்னொரு வேலியைச் சேர்த்து, இடையில் வைக்கோலைத் திணித்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் ஆட்களோடு வந்த ஜான் ஸ்டார்க், ஆற்றங்கரை மணலில் இருந்த கடைசி இடைவெளியைக் கவனித்துக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார். அந்தக் கடைசிக் கற்சுவர் இல்லாமல் போயிருந்தால் மேலே கட்டிய அரணால் எந்தப் பிரயோசனமும் இருந்திருக்காது.

கப்பல் பீரங்கிகள் அரணை ஏன் இடிக்கவில்லை?

சுட்டார்கள், காலை முழுக்கச் சுட்டார்கள். பாஸ்டனில் காப்ஸ் குன்றிலிருந்தும் சுட்டார்கள். அரணுக்கு வெளியே நின்ற ஒரு வீரரின் தலை போனது, தண்ணீர்ப் பீப்பாய்கள் உடைந்தன. மண் சுவர் மட்டும் அப்படியே நின்றது. புதிதாக வெட்டிப் போட்ட மண் குண்டை விழுங்கிவிடும். கப்பல்களுக்குக் குழலை நிமிர்த்தும் கோணமும் போதவில்லை.

ஆனால் கப்பல்களால் வேறொரு வேலையைச் செய்ய முடிந்தது. சார்லஸ்டவுன் கழுத்து தாழ்வான நிலம். அதன்மேல் இடைவிடாமல் சுட்டதில், உதவிக்கு வந்த பல படைப்பிரிவுகள் கடக்கப் பயந்து அக்கரையிலேயே நின்றுவிட்டன. குன்றில் இருந்தவர்களுக்குக் குண்டு விழுந்ததைவிட இது பெரிய அடி.

பிரிட்டிஷார் பின்னாலிருந்து வந்து கழுத்தைப் பிடித்திருக்கலாமே?

கிளின்டன் அதைத்தான் சொன்னார். கழுத்தருகே ஒரு படையை இறக்கினால் குன்றில் இருப்பவர்கள் கூண்டில் சிக்கிய எலிதான் என்பது அவர் யோசனை. கேஜ் ஏற்கவில்லை. இறங்கும் படை, குன்றில் இருப்பவர்களுக்கும் வெளியே இருக்கும் பெரும் படைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று பதில். புத்தகப்படி அந்தப் பதில் சரி. கடல் முழுக்க அவர்கள் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு சரியில்லை.

தாக்குதலை நடத்தும் பொறுப்பு ஹோவுக்குப் போனது. விசித்திரம் என்னவென்றால், மேட்டுப் போர் ஹோவுக்குப் புதிதல்ல. 1759 செப்டம்பர் 13 அதிகாலையில் கனடாவின் கியூபெக் நகருக்கு அருகே செங்குத்துப் பாறைச் சரிவில் ஏறி, பிரிட்டிஷ் ஜெனரல் உல்ஃப் படைக்கு வழி திறந்துவிட்ட முன்னணிப் பிரிவை நடத்தியவர் இவரேதான். யாரும் எதிர்பார்க்காத இடத்தில், இருட்டில், எதிரி ஆயத்தமாகும் முன் ஏறியது அது. பிரீட் குன்றில் அந்த மூன்றும் இல்லை.

தாக்குதல் எப்படி நடந்தது?

அலை ஏற்றத்துக்காகக் காத்திருந்து, பிற்பகலில் தீபகற்பத்தின் கிழக்கு முனையில் இறங்கினார்கள். மொத்தத்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள். கடுமையான வெயில். கம்பளிச் சீருடை, மூட்டை முடிச்சு. சரிவில் முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல், குறுக்கே குறுக்கே வேலிகள். வரைபடத்தில் வழவழப்பாகத் தெரிந்த சரிவு காலடியில் அப்படி இல்லை.

ஹோவின் திட்டம் மோசமானதல்ல. அரணை நேராக முட்டாமல், ஆற்றங்கரை மணல் வழியே இலகு காலாட்படையை அனுப்பி, இடப்பக்கத்தைச் சுற்றிக்கொள்வது. மணல் பட்டை குறுகல். சில பேர்தான் வரிசையாக நடக்க முடியும். அந்தக் குறுகிய வழியின் முடிவில் ஸ்டார்க்கின் கற்சுவர். மிக அருகில் வரவிட்டுச் சுட்டார்கள். அடுத்தடுத்து வந்த பிரிவுகளும் விழுந்தவர்கள்மேல் தடுக்கியபடியே வந்து விழுந்தன. பக்கவாட்டு வழி அத்தோடு மூடியது.

அதே நேரத்தில் மரவேலியை நோக்கிப் போன வரிசைகளும் கலைந்து பின்வாங்கின. பிரிட்டிஷ் பீரங்கிகள் உதவியிருக்க வேண்டும். ஆறு பவுண்டுப் பீரங்கிகளுக்குப் பன்னிரண்டு பவுண்டுக் குண்டுகள் வந்திருந்தன! குழலில் நுழையாத குண்டை வைத்து என்ன செய்வது? சிதறு குண்டை மட்டும் சுட்டார்கள். இடையில் சார்லஸ்டவுன் ஊரிலிருந்து மறைந்து சுடுகிறார்கள் என்று அந்த ஊருக்கே தீ வைத்தார்கள்.

இரண்டாவது தாக்குதலும் அதே கதி. மூன்றாவது முறை ஹோவ் சில விஷயங்களை மாற்றினார். மூட்டைகளைக் கழற்றிப் போடச் சொன்னார். நீண்ட வரிசையாக இல்லாமல் ஒருவர்பின் ஒருவராக நெருக்கமான பத்திகளாக ஏறவைத்தார். முக்கியமாக, பீரங்கிகளை நகர்த்தி, மண் சுவரின் பின்பக்கம் நீளவாட்டில் தெரியும் கோணத்துக்குக் கொண்டுவந்தார். முன்னாலிருந்து சுட்டால் மண்ணில் புதையும் குண்டு, பக்கவாட்டிலிருந்து சுட்டால் சுவருக்குப் பின்னால் நிற்பவர்களை வரிசையாக வாரும். அங்கிருந்தவர்கள் அரணுக்குள் ஓடினார்கள். பயனெட்டோடு சிப்பாய்கள் அரணுக்குள் குதித்தார்கள்.

உயரத்தில் இருந்தவர்கள் பிறகு ஏன் தோற்றார்கள்?

வெடிமருந்து தீர்ந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இரவெல்லாம் தோண்டிய களைப்பு, தாகம், சோறு தண்ணீர் வராதது எல்லாம் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் துப்பாக்கியில் மருந்து இருந்திருந்தால் மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலானவர்களிடம் பயனெட்டும் இல்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார்கள். ஜெனரல் பதவிக்குத் தேர்வாகியும் சாதாரண வீரராக வந்து நின்ற மருத்துவர் ஜோசப் வாரன் அந்தக் கடைசி நிமிடங்களில் இறந்தார். பிரிட்டிஷ் பக்கம் மேஜர் ஜான் பிட்கெய்ர்ன் படுகாயமடைந்து இறந்தார்.

பின்வாங்கியவர்களை மரவேலியில் இருந்தவர்கள் சுட்டுக்கொண்டே காத்ததால், பெரும்பாலோர் கழுத்து வழியே தப்பினார்கள். உயரமான பங்கர் குன்றில் நின்று மறுபடி தடுக்க அமெரிக்க ஜெனரல் இஸ்ரேல் பட்னம் முயன்றார், யாரும் நிற்கவில்லை.

"கண்ணின் வெள்ளை தெரியும்வரை சுடாதே" என்று உண்மையிலேயே யாராவது சொன்னார்களா?

பட்னம் சொன்னார் என்பார்கள், பிரெஸ்காட் என்பார்கள். யார் சொன்னார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இதுபோன்ற வாசகம் ஐரோப்பியப் படைகளில் ஏற்கெனவே புழங்கியதுதான். மருந்து குறைவாக இருக்கும்போது அருகில் வரவிட்டுச் சுடு, தாழ்வாகச் சுடு என்ற உத்தரவு போயிருக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இழப்பு எவ்வளவு?

பிரிட்டிஷ் பக்கம் 1,054: இறந்தவர்கள் 226, காயமடைந்தவர்கள் 828. அதிகாரிகளின் விகிதம் அதில் மிக அதிகம். குடியேற்றவாசிகள் பக்கம் சுமார் 450. அதில் இறந்தவர்கள் 115 வாக்கில். குன்று கிடைத்தது, ஆனால் இன்னொரு முறை இப்படி ஜெயித்தால் நாம் அழிந்தோம் என்ற பொருளில் கிளின்டன் எழுதிவைத்தார். அக்டோபரில் கேஜ் திரும்ப அழைக்கப்பட்டார்; அவர் இடத்துக்கு ஹோவ் வந்தார்.

டார்செஸ்டர் மேட்டைப் பிடிக்க ஏன் ஒன்பது மாதம் ஆனது?

பிரிட்டிஷார் பிடிக்காததற்குக் காரணம், ஜூன் 17-க்குப் பிறகு குன்று என்றாலே அவர்களுக்கு ஆள் கணக்கு நினைவுக்கு வந்தது. அமெரிக்கர்கள் பிடிக்காததற்குக் காரணம் இன்னும் எளிது: ஏறி என்ன செய்வது? 1775 ஜூலை 3-இல் அமெரிக்கப் படையின் தலைமைப் பொறுப்பேற்ற ஜார்ஜ் வாஷிங்டன், ஆகஸ்டில் கிடங்கைக் கணக்கெடுத்தபோது ஆளுக்கு ஒன்பது தோட்டாவுக்குத்தான் மருந்து இருந்தது. பெரிய பீரங்கிகளும் இல்லை. அந்த நிலையில் டார்செஸ்டரில் ஏறியிருந்தால் அது இன்னொரு பிரீட் குன்றாகத்தான் முடிந்திருக்கும். வாஷிங்டனுக்கு இயல்பிலேயே தாக்குதல் வெறி உண்டு. உறைந்த தண்ணீரைக் கடந்து நகரத்தைத் தாக்கலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். மற்ற தளபதிகள் அவரைத் தடுத்து நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

பீரங்கிகள் எங்கிருந்து வந்தன?

மே 10-இல் பிரிட்டிஷாரிடமிருந்து அமெரிக்கர்கள் பிடித்த டிகாண்டரோகா கோட்டையிலிருந்து. அங்கே பீரங்கிகள் சும்மா கிடந்தன. பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்த 25 வயது ஹென்றி நாக்ஸ், நான் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். பீரங்கி பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி படித்துத் தெரிந்ததுதான். டிசம்பரில் 59 பீரங்கிகளையும் மோர்ட்டார்களையும், ஏறத்தாழ 60 டன், படகில் ஜார்ஜ் ஏரியைக் கடத்தினார். அப்புறம் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி, மாடுகளையும் குதிரைகளையும் பூட்டி, உறைந்த ஹட்சன் ஆற்றைக் கடந்து, பெர்க்ஷயர் மலைகளில் ஏறி இறக்கி, சுமார் 300 மைல் இழுத்துவந்தார். ஐஸ் உடைந்து ஆற்றில் விழுந்த பீரங்கியையும் விடவில்லை, வெளியே எடுத்தார்கள். ஜனவரி கடைசியில் பாஸ்டனுக்கு அருகே இருந்த கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தது.

மார்ச் 4 இரவு என்ன நடந்தது?

மார்ச் 2 முதலே மற்றப் பக்கங்களிலிருந்து நகரத்தின்மேல் பீரங்கி சுட ஆரம்பித்தார்கள். சேதத்துக்காக அல்ல, சத்தத்துக்காக. 4ஆம் தேதி இருட்டியதும் ஜெனரல் ஜான் தாமஸ் தலைமையில் சுமார் 2,000 பேர், நூற்றுக்கணக்கான மாட்டு வண்டிகளோடு மேட்டில் ஏறினார்கள். பாஸ்டன் பக்கம் பார்த்த பாதையோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மறைத்தார்கள். நிலா வெளிச்சம் மேலே இருந்தது; கீழே துறைமுகத்தில் மூடுபனி.

நிலம் பாறைபோல் உறைந்திருந்தது. ஜூனில் செய்ததுபோல் தோண்ட முடியாது. இதற்கு விடை கண்டவர் ரூஃபஸ் பட்னம். கனமான மரச்சட்டங்களை முன்கூட்டியே செய்து, உள்ளே நிரப்பக் குச்சிக் கட்டுகளையும் கூடைகளையும் தயாராக வைத்து, வண்டியில் ஏற்றிப் போய் மேலே நிறுத்திவிட்டார்கள். அரணுக்கு வெளியே மண் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக வைத்தார்கள். பார்ப்பதற்கு அரணின் பகுதி. எதிரி ஏறினால் சரிவில் உருட்டிவிடலாம். உயரத்தையே ஆயுதமாக்கிய இந்தச் சின்ன யோசனை எனக்கு இந்த முற்றுகையிலேயே மிகவும் பிடித்த விஷயம்.

விடிந்ததும் பார்த்த ஹோவ், குறைந்தது 12,000 பேர் வேலை செய்திருக்க வேண்டும் என்று லண்டனுக்கு எழுதினார்.

ஹோவ் தாக்கவில்லையா?

தாக்கத்தான் கிளம்பினார். முதலில் கீழேயிருந்து சுட்டுப் பார்த்தார்கள். பீரங்கி வண்டியின் பின்பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கிக் குழலை நிமிர்த்தியும் குண்டு மேலே எட்டவில்லை. கடற்படைத் தளபதி ஷுல்டாம், அந்த மேட்டில் எதிரி இருக்கும்வரை கப்பல்களைத் துறைமுகத்தில் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கப்பல் போனால் உணவு இல்லை. எனவே படகுகளில் படையை ஏற்றினார்கள். அன்றிரவு கடும் புயல். தாக்குதல் கைவிடப்பட்டது. புயல் ஒரு சாக்கு, ஹோவுக்கு உள்ளூர நிம்மதி என்று சொல்பவர்கள் உண்டு. ஜூன் 17-ஐ நினைத்தால் நம்பக்கூடியதுதான்.

மார்ச் 9 இரவு, இன்னும் நெருக்கமாக இருந்த நூக் குன்றில் அமெரிக்கர்கள் ஏற முயன்றபோது பிரிட்டிஷ் பீரங்கிகள் விரட்டின, சிலர் இறந்தார்கள். மற்றபடி டார்செஸ்டர் பீரங்கிகள் நகரத்தைத் தாக்கவே இல்லை. எங்களைப் போகவிட்டால் ஊருக்குத் தீ வைக்க மாட்டோம் என்ற எழுதப்படாத உடன்பாடு வேலை செய்தது. மார்ச் 17-இல் பிரிட்டிஷ் படையும், அரசருக்கு விசுவாசமாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்களும் கப்பலேறி, இன்றைய கனடாவில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் போனார்கள்.

ஹோவ் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்?

நேராக ஏறக் கூடாது என்பதை. 1776 ஆகஸ்ட் 27-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அமெரிக்கர்கள் மரங்கள் அடர்ந்த மேட்டுத்தொடரில் காத்திருந்தார்கள். அதன் கணவாய்களில் கிழக்கே கடைசியாக இருந்த ஜமைக்கா கணவாயில் ஐந்தே அதிகாரிகள் காவல். ஹோவ் இரவோடு இரவாகப் பெரும் படையை அந்த வழியாக நடத்தி, மேட்டில் இருந்தவர்களின் முதுகுப் பக்கம் போய் நின்றார். மேடு ஒரே காலையில் செல்லாக்காசானது. அடுத்து எஞ்சியிருந்தது புரூக்ளின் மேட்டு அரண். அதன்மேல் பாய அவருடைய சிப்பாய்கள் துடித்தார்கள்; ஹோவ் தடுத்து, பதுங்குகுழி வெட்டி மெதுவாக நெருங்கச் சொன்னார். 29ஆம் தேதி இரவு வாஷிங்டன் தன் படை முழுவதையும் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டார். ஹோவ் அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டாரோ என்று சிலர் கேட்பது இதனால்தான்.

இன்று அந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். சார்லஸ்டவுனில் 221 அடி உயரக் கருங்கல் தூண் நிற்கிறது. 1825-இல் அடிக்கல் நாட்டி 1843-இல் திறந்தார்கள். பெயர் பங்கர் குன்று நினைவுச்சின்னம், நிற்பது பிரீட் குன்றில். டார்செஸ்டர் மேடு இப்போது தெற்கு பாஸ்டன் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு வெள்ளைப் பளிங்குக் கோபுரம் உண்டு. மார்ச் 17 அந்த மாவட்டத்தில் விடுமுறை நாள். செயின்ட் பேட்ரிக் திருநாளும் அன்றே வருவதால் கூட்டம் எதற்காக என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சார்லஸ்டவுன் தூணின் உச்சிக்கு 294 படிகள். லிஃப்ட் கிடையாது.